இடது பெட்டி

அந்த ஆம்ப்ளிஃபயரத் தொடாதீங்க. எந்த ஸ்பீக்கருக்குன்னு மொதல்ல சொல்லணும், அப்புறந்தான் விலை. ஆமா, உங்களத்தான். மூணு வருஷமா என்னப் பாத்தாலே ரோடு மாறிப் போற கூடப்பொறந்த தம்பிக்கு இந்தக் கடையில வாங்க போங்கதான்.

அப்பா செஞ்ச ஸ்பீக்கர் பெட்டிக்கா? அப்பான்னு வாயில வருதே, பரவால்ல.

நூறு வாட்டுன்னு அட்டையில எவன் வேணா அடிப்பான் எலியேசர். அந்தப் பெட்டிக்கு அது கணக்கில்ல. பேஸ் அடிக்கிற எடத்துல அதோட தடை ரெண்டு ஓமுக்கு எறங்கிடும். அப்ப உறிஞ்சும் பாருங்க கரண்ட்டை, சின்ன டிரான்ஸ்பார்மர் வச்சதெல்லாம் மூச்சு வாங்கும். எட்டு ஓம்ல எவ்ளோ தருது, நாலு ஓம்ல எவ்ளோ தருதுன்னு கேக்கணும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வரலேன்னா வச்சுட்டு நடையக் கட்டணும். நல்ல ஆம்ப்ளிஃபயர்னா தூக்கினா இடுப்பு புடிக்கணும். பல்மீரா கரும்பாலையில மோட்டார் கட்டுன மனுஷனோட புள்ளைக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியிருக்கு.

இது எத்தனாவது? நாலாவதா? மத்த மூணும் என்ன பாவம் பண்ணுச்சு?

பேஸ் வரல. சரி. காங்கா மேளம் தகர டப்பா கணக்கா கேக்குது. பாடுறவன் நடுவுல நிக்காம எங்கயோ செவுத்துக்குள்ளேர்ந்து பாடுறான். இல்ல, நீங்க சொல்லல, நானே சொல்றேன். உங்க வீட்டுக்கு நான் எங்க வந்தேன் கேக்கறதுக்கு? ஞாயித்துக்கிழமையானா ஒப்ரேரோ பேட்டையே ஆளுக்கொரு ரெக்கார்டத் தூக்கிட்டு அங்கதான் வருதாம்ல. வந்து லுலாடா குடிச்சுட்டு என்ன சொல்றாங்க? ஆம்ப்ளிஃபயர் பத்தல. இந்தப் பேட்டையில எவனும் வேற சொல்ல மாட்டான். புது ஆம்ப்ளிஃபயர் வாங்குனா பெருமை. பின்னால குனிஞ்சு வயரப் பாத்தா கௌரவம் கொறஞ்சுரும்.

நீங்க வயரப் பாத்தீங்களா? செவப்புக்குச் செவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. வெளிய சரியாத்தான் இருக்கும்.

என்னது? இதுவும் சரிப்படலேன்னா பெட்டிய வித்துரப் போறீங்களா? யோலிமா சொல்லிட்டாளாக்கும். பொண்டாட்டி சொன்னா சரி. அப்புறம் என்ன சொன்னீங்க? அப்பாவுக்குப் பெட்டி செய்யத் தெரியலன்னீங்களா? அத அத்தன பேரு முன்னாலயும் சொன்னீங்களா?

உக்காருடா. உக்காருன்னு சொன்னேன்.

ஆம்ப்ளிஃபயர் தர மாட்டேன். உன்கிட்ட இருக்கற மூணாவதே தாங்கும். உனக்கு வித்தவன் விக்கறதுக்கு முன்னால அத என்கிட்டதான் ரிப்பேருக்குக் கொண்டாந்தான். வீட்டுக்குப் போயி இடது பெட்டியோட பின்பலகையக் கழட்டு, எட்டு ஸ்க்ரூ. உள்ள செவப்பும் கறுப்பும் எடம் மாறியிருக்கும். வலது பெட்டி முன்னால தள்றப்ப இது பின்னால இழுக்கும், அதுல பேஸ் செத்துப்போவும். மாத்திக் கட்டு, அவ்ளோதான்.

எனக்கெப்படித் தெரியுமா? அப்பாவப் பொதச்ச அன்னிக்கே பெட்டி ரெண்டையும் ஏத்திட்டுப் போக லாரி கொண்டாந்தியே. டிரைவரோட நின்னு காப்பி குடிச்சல்ல, அந்தப் பத்து நிமிஷத்துல நாந்தான் மாத்தினேன். உனக்கு நல்லாக் கேக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன். அவரு பேரு கெடும்னு எனக்குத் தோணல.

இந்தா ஸ்க்ரூடிரைவர், அவரோடது. யார்கிட்டயும் குடுத்தனுப்பாத, நீயே கொண்டாந்து வையி. ஞாயித்துக்கிழமை அவங்க எல்லாரும் வருவாங்கல்ல, சொல்லிரு. பெட்டியில குத்தமில்ல, எங்கண்ணன் பண்ணுன வேலைன்னு. என் பேரையும் சேத்துச் சொல்லு.

கதவச் சாத்திட்டுப் போ.