கண்ணாடி மாதிரித் தண்ணீர்

தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்களே, ரொம்ப நல்லது. இப்போது தாகம் இல்லை, மேசை மேலேயே இருக்கட்டும். மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள் ஐயா. எனக்கு ஒரு காதுதான் கேட்கும். இந்த இரைச்சலில் நீங்கள் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்லி, அதையும் என் தலையில் கட்டுவீர்கள்.

நான் ஏரிக்கரை பம்பு வீட்டில் மோட்டார் ஓட்டுகிறவன். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி ஊருக்குத் திறந்துவிடுவது என் வேலை. படிப்பு அதிகம் இல்லை. கலங்கலாக வந்தால் ஊர் திட்டும். தெளிவாக வந்தால் என்னை மறந்துபோகும். மறந்துபோனால் அதுதான் இந்த வேலைக்கு மரியாதை.

இந்த வருடம் ஏரி பச்சை பிடித்தது. மேட்டு வயல்களில் கொட்டிய உரமெல்லாம் மழையில் கரைந்து ஏரிக்குள் வந்தது. பின்னாலேயே வெயில் அடித்தது. பாசிக்கு வேறென்ன வேண்டும். முதலில் கரையோரம் சாயப்பொடி தூவியதுபோல் இருந்தது, பிறகு ஏரி முழுக்கப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஆனது. வெளிச்சம் கீழே இறங்காமல் அடியிலிருந்த கொடியெல்லாம் அழுகியது. விடியும்போது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கரையோரத் தண்ணீரில் வாய் வைத்த நாய் ஒன்று நுரை தள்ளிச் செத்தது. நான்தான் புதைத்தேன்.

குழாயிலும் பச்சையாக வந்தது. சலூன்காரர்தான் எனக்குப் பெயர் வைத்தார். முகம் மழிக்க உட்கார்ந்திருந்தேன், கத்தி தொண்டையில் இருந்தது.

"என்ன பாசியப்பரே, மாடிவீட்டம்மா வெள்ளைச் சேலை துவைச்சாங்களாம், பச்சையா வந்துருச்சாம். சாயப்பட்டறை எப்போ ஆரம்பிச்சீங்க?"

கடையே சிரித்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் தம்பியும் சிரித்தான். "கோவிச்சுக்காதண்ணே, பேரு உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு" என்றான். சாயங்காலத்துக்குள் தெருப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் கோபப்படவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பரிசோதிக்கிற அம்மா ஒருத்தர் வந்தார். பாட்டிலில் பிடித்துப் போனவர் மறுபடியும் வந்து நின்றார்.

"ஐயா, இது சாதாரணப் பாசி இல்ல, இதுக்குள்ள விஷம் இருக்கு. மோட்டாரை நிறுத்திடுங்க. லாரித் தண்ணிக்கு நான் சொல்றேன்."

"காய்ச்சினா போயிடாதா?"

"போகாது. இன்னொண்ணு, மயில்துத்தம் கியில்துத்தம் போட்டுடாதீங்க. பாசி செத்துடும். ஆனா வெடிச்சு, உள்ள இருக்கிற விஷமெல்லாம் தண்ணில இறங்கிடும். பார்க்கறதுக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். அதை நம்பிக் குடிச்சா ஈரல் போயிடும்."

படித்தவர்கள் பேச்சை நான் லேசில் நம்புகிறவன் இல்லை. பச்சையாக இருந்தால் கெட்டதாம், தெளிந்தால் அதைவிடக் கெட்டதாம். அப்புறம் எந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்டேன். விளக்கமாகச் சொன்னார். என் காதில் ஒட்டிக்கொண்டது ஒன்றுதான்: கண்ணாடி மாதிரி.

அவர் அந்தப் பக்கம் போனதும் உரக்கடைக்குப் போய் மயில்துத்தம் வாங்கினேன். நீலக் கல், கண்ணுக்கு அழகு. சாக்கில் கட்டி, படகுக்குப் பின்னால் தண்ணீரில் தொங்கவிட்டு, ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாகத் துடுப்புப் போட்டேன். இந்த வயதில் அது லேசான வேலை இல்லை. யாரும் துணைக்கு வரவில்லை.

பாசி வெளுத்து அடியில் இறங்கியது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அழுகுகிற பாசி தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாமே, நீங்கள் சொல்லித்தான் தெரியும். வாரி எடுத்துக் குழியில் போட்டேன். கொக்கு வருவது நின்றுபோனது. ஆனால் தண்ணீர் தெளிந்துவிட்டது ஐயா. அடி மணல் தெரிந்தது.

மோட்டாரைப் போட்டதும் பம்பு வீட்டு வாசலில் ஊர் கூடிவிட்டது. சலூன்காரர் தன் சின்ன மகளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார்.

"பாசியப்பரே, மொதல்ல நீங்க குடிங்க, பார்ப்போம்."

நியாயமான கேள்விதான். கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, எல்லோரும் பார்க்க, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். கை தட்டினார்கள்.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே அந்தப் பேரு கிடையாது" என்றார் சலூன்காரர். குனிந்து குழாயில் ஒரு கை பிடித்து மகளுக்குப் புகட்டினார். அப்புறம் குடமும் வாளியுமாக ஒரே நெரிசல். என் தம்பியும் ஒரு குடம் பிடித்துப் போனான். அன்றைக்கு எல்லோரும் என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தப் பாட்டில் எங்கே பிடித்தது என்று கேட்கிறீர்கள். என் வீட்டுக் கிணற்றில். வயசானவனுக்குப் பழகின தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். வீட்டுக்காரியிடமும் குழாய்ப் பக்கம் போகாதே, கிணற்றிலேயே இறை என்று சொல்லியிருந்தேன். ஏன் என்றாள். ருசி இருக்காது என்றேன். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற ஆள் இல்லை.

முதலில் படுத்தது சலூன்காரர் மகள். வாந்தி, அப்புறம் கண் மஞ்சளாகிப்போனது. பிறகு தெருத்தெருவாகப் பரவியது. தம்பியைப் பார்க்கப் போனேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, தண்ணி நல்லதுதானே?"

"கண்ணாடி மாதிரி இருக்குடா."

"நீ சொன்னா சரி" என்று பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்துக் குடித்தான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் தண்ணீர் கெட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் இல்லையா. மோட்டாரையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பாசியப்பர்தான்.

சலூன்காரர் மகளுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் காரியம் முடிந்தது. இரண்டு இடத்துக்கும் போய் வந்தேன். சலூன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் பெரியவரே என்றுதான் சொன்னார்.

மயில்துத்தம் போட்டவன் நான். மோட்டாரைப் போட்டவன் நான். எதையும் மறைக்கவில்லை. நல்ல தண்ணீர் என்று மனதார நம்பித்தான் திறந்துவிட்டேன். இதற்குக் கீழே எங்கே கைநாட்டு வைக்க வேண்டுமோ, காட்டுங்கள், வைக்கிறேன்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. அந்தத் தம்ளரைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். தெளிவாகத்தான் இருக்கிறது. குடிப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் ஐயா. இது எங்கே பிடித்தது?