நோவுக்கு யாரு பேரு

போடியில ஜீப்பு ஏறுனா முன்சீட்டே கெடச்சிருச்சு எனக்கு! மக வீட்டுக்குக் கொண்டுபோற முறுக்கு வாளிய மடியில வச்சுக்கிட்டு ராணியாட்டம் உக்காந்தேன். பின்னாடி ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போற ரெண்டு பொம்பளைக.

"மதினி, எனக்கு வந்த கைநடுக்கத்துக்கு ஒரு வெள்ளைக்காரன் பேராம்."

"என்ன பேரு?"

"பார்க்கின்சனாம். மொதல்ல கண்டு சொன்ன டாக்டராம்."

"அவருக்கும் நடுங்குச்சாக்கும்?"

"இல்லையாம். நடுங்குனவுகளப் பாத்தாராம்."

ஜீப்பு மலையில வளைஞ்சு திரும்புச்சு. நடுக்கக்காரியே மறுபடி பேசுனா.

"இந்தா, பேச்சி வளைவு. உருண்டு செத்தவ பேரத்தான வச்சோம்? மொதல்ல பாத்த டிரைவரு பேரையா வச்சோம்?"

"அத விடுடி. கங்காணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னைக்கே வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. வெளஞ்ச காயப் பறிச்சா கை ஆடிப் பிஞ்சும் சேந்து வருது மதினி."

"எம்பக்கத்துலயே நில்லு. பிஞ்ச எம்பையில போட்டுரு."

தோட்டத்து வாசல்ல எறங்குனாக. கங்காணி பேரு கூப்புட, ஆளாளுக்குக் கையத் தூக்குனாக.

"செல்லத்தாயி!"

"இருக்கேன்யா!"ன்னு எல்லாரையும் விடச் சத்தமாச் சொன்னா நடுக்கக்காரி. கை மட்டும் முந்தானைக்குள்ளயே இருந்துச்சு.