ஹெஸ்டரின் கன்னம்

எனக்குப் பால் பிடிக்காது. எங்கள் செல்சி வீட்டில் பால் குவளை ஹெஸ்டருக்கு மட்டும்தான் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். வேலைக்காரியைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

என் மனைவி ரொட்டிக் கடைக்காரரின் மகள். அடுப்புச் சூட்டிலேயே வளர்ந்த சிவப்புக் கன்னம். அதை அப்படியே வரைந்தேன். 'ஆம்புரோஸ் திரெல் வரைந்தது மனைவியையா, ஆப்பிள் கூடையையா?' என்று ஒரு விமர்சகர் பத்திரிகையில் எழுதினார். லண்டனே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஜனவரியில் அவளுக்குக் காய்ச்சல். வெளுத்துப்போய், முடியை அவிழ்த்துவிட்டு, இரவு உடையோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அப்படியொரு அழகு. டாக்டரை அனுப்பிவிட்டுத் தூரிகையை எடுத்தேன். முடியும் தோளும் நன்றாக வந்தன. முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதற்குள் அவள் தங்கை லவினியா வந்து, கடற்காற்று நல்லதென்று மார்கேட் கடற்கரை ஊருக்கு இழுத்துப்போனாள். மீனும் வெண்ணெயும் தின்று, ஆப்பிள் கூடை திரும்பி வந்தது.

படத்தைப் பார்த்ததும் ஹெஸ்டருக்குச் சிரிப்பு. “யாரு இந்தம்மா, பட்டினி கெடந்தவ மாதிரி? என் கன்னத்த எங்க ஒளிச்சு வச்சீங்க, ஆம்புரோஸ்?”

“அசையாம உட்காரு.”

“கொஞ்சம் சிவப்பு பூசுனா கொறஞ்சா போயிடுவீங்க?”

வெளுத்த தோளில் சிவந்த முகம் ஒட்டாது. நினைவிலிருந்து வரையலாம்தான், ஆனால் அது பொய். எதிரே இருப்பதை மட்டுமே வரைகிறவன் நான். நிறம் வெளுக்கப் பெண்கள் தின்னும் பாஷாண வில்லை மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. பொடித்துப் பாலில் கலந்தேன்.

“பாத்தியாடி லவினியா, பால அவரே கொண்டு வர்றாரு. கல்யாணமான புதுசுலகூட இந்தக் கவனிப்பு இல்ல” என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

நினைத்த நிறம் வந்தது. முகத்தை முடித்து ஓவிய அகாடமியின் கண்காட்சிக்கு அனுப்பினேன். கண்மட்டத்தில் மாட்டினார்கள், அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

படம் வீட்டைவிட்டுப் போன பிறகும் பால் எதற்கு என்கிறீர்கள். நீங்கள் கண்காட்சிக்கெல்லாம் போனதில்லை போலிருக்கிறது. திறப்பு நாளில் ஓவியனின் மனைவி படத்தருகே நிற்பாள். வருகிறவர்கள் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். மறுபடி அந்தச் சிவப்புக் கன்னத்தோடு அவள் வந்து நின்றால் என் மானம் என்னாவது?

அவள் அதற்கு முன்பே செத்துப்போனாள். தனியாகத்தான் நின்றேன். சீமாட்டிகள் கைக்குட்டையோடு வந்து, எவ்வளவு நேசித்திருக்கிறார் என்று உருகினார்கள். லவினியா மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்க அக்காவே இல்ல” என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

ஹெஸ்டரைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். படம் அவளைப் போல இல்லை என்று லவினியா சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள். அவளைப் படத்தைப் போல ஆக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.