கித்தேரி நட்ட கம்பு

ரோடும் பாலமும் வராத காலம். நம்ம ஊரு அப்ப இந்த இடத்துல இல்ல. ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல நாக்கு மாதிரி ஒரு மணல்திட்டு நீண்டு கெடந்துச்சாம். அதும்மேலதான் மணல்குடின்னு ஊரு. நாக்கு நுனியில பொழி. ஆறு கடல்ல விழுற வாய அப்பவும் பொழின்னுதான் சொல்லியிருக்காங்க.

அந்த ஊருல தொம்மைன்னு ஒருத்தர். அவர் பொஞ்சாதி கித்தேரி. பிள்ளை குட்டி கிடையாது. தொம்மைக்கு ஒரு தம்பி, மிக்கேலு. அவர்தான் எங்க பாட்டனுக்குப் பாட்டன்.

அந்த ஊருல கடல் ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் கொஞ்சமாக் கடிச்சுக்கிட்டே வந்துச்சாம். ஆனில தெக்கத்திக் காத்து கெளம்பும். அலை வந்து கரைய அடிக்கும், மண்ண உருவும், வடக்க இழுத்துட்டுப் போகும். இந்த வருசம் ஒரு வரிசைக் குடிசை, அடுத்த வருசம் இன்னொரு வரிசை. அப்பிடிப் போச்சாம்.

ஒரு மழைக்காலம். தொம்மையும் கூட நாலஞ்சு பேரும் கடல்லயே தங்கி மீன் பிடிக்கப் போனாங்க. போகும்போது பொழி ஆழமா இருந்துச்சு. இவங்க கடல்ல இருந்தப்ப காத்து திரும்பி, அலை மண்ணக் கொண்டாந்து பொழி வாயில கொட்டிருச்சு. தண்ணி வேற பக்கமா வழி வெட்டிக்கிச்சு. இவங்களுக்கு அது தெரியாது. பழைய வழின்னு நெனச்சு வள்ளத்த விட்டாங்க. மண்ணுல மோதிச்சு. பின்னால வந்த அலை வள்ளத்தப் பெரட்டிருச்சாம். மத்தவங்க நீந்திக் கரையேறிட்டாங்க. தொம்மை ஏறல. உடம்பும் கிடைக்கல.

அந்த மழையிலயே கல்லறைத் தோட்டத்து ஓரமும் இடிஞ்சு விழுந்துச்சு. கோயில் சுவரும் சரிஞ்சுது. இனி இங்க இருக்க முடியாதுன்னு பங்குச் சாமியாரும் ஊர்க்காரங்களும் முடிவு பண்ணி, ஆத்துக்கு மேக்க மேட்டு நெலத்துக்குக் கெளம்பினாங்க. கெளம்புறதுக்கு முன்னால, அவங்கவங்க செத்தவங்க எலும்பத் தோண்டி, பானையில வச்சு, துணியால மூடி எடுத்துக்கிட்டாங்களாம். வீட்டுக்கு ஒரு பானை. கித்தேரி மட்டும் வெறுங்கையோட நின்னாளாம்.

மிக்கேலு கூப்பிட்டிருக்கார். அவ சொன்னாளாம், "நான் எத எடுத்துட்டு வர? அவர் இங்கதான் எங்கயோ கெடக்கார். நீங்க போங்க தம்பி."

எல்லாரும் போயிட்டாங்க. அவ்வளவு பெரிய மணல்ல அவ ஒருத்திதான். ஒரு ஓலைக் குடிசை, குடிக்க மணல்ல ஒரு ஊத்து. பேச ஆள் இல்லாம அவளுக்குக் குரலே கம்மிப்போச்சாம். மேக்காத்து அடிச்சா ஆத்துக்கு அக்கரையில இருந்து கோயில் மணி கேக்குமாம். கேட்டா, அந்தப் பக்கம் திரும்பி முட்டி போடுவாளாம்.

தெனமும் புருசனத் தேடிக் கரையோரம் நடந்தா. நடக்க நடக்க அவளுக்கு ஒண்ணு தெரிஞ்சுது. இடிஞ்ச கோயிலோட செங்கல்லு வடக்க ஒதுங்கிக் கெடந்துச்சு. மூலையெல்லாம் தேஞ்சு, கோழிமுட்டை மாதிரி உருண்டு கெடந்துச்சு. தெக்க தின்ன மண்ண கடல் வடக்க கொண்டுபோயிப் போடுது. அங்க புதுசா ஒரு திட்டு வளருது. திட்டு வளர வளரப் பொழியும் வடக்க தள்ளிக்கிட்டே போகுது. அவளும் குடிசையப் பிரிச்சுப் பிரிச்சு, பொழி பின்னாலயே போனா. போயும் அவர் கிடைக்கல.

அப்பதான் அவ அந்தக் காரியத்த ஆரம்பிச்சாளாம். தண்ணி வத்துற நேரம் பாத்து பொழியில எறங்குவா. இடுப்பளவு தண்ணியில, கழுத்தளவு தண்ணியில, காலாலயே தடவித் தடவி ஆழம் பாப்பா. ஆழம் எங்க ஓடுதோ அதோட ஓரத்துல ஒரு கம்ப நட்டு, தன்னோட வெள்ளச் சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் கட்டுவா. மறுநாளும் பாப்பா. மண்ணு நகந்திருந்தா கம்பப் புடுங்கி மாத்தி நடுவா.

முதல்ல பைத்தியம்னுதான் சொன்னாங்களாம். அப்பறம் ஒரு வள்ளம் அந்தக் கம்பப் பாத்து உள்ள வந்துச்சு. அப்பறம் எல்லா வள்ளமும் அதப் பாத்தே வந்துச்சு. வர்றவங்க அவ குடிசைப் பக்கம் மீன வீசிட்டுப் போவாங்க. ஏதாவது சொல்லிக் கூப்பிடுவாங்க. காத்துல அவளுக்குக் கேக்காது. கைய மட்டும் தூக்குவாளாம்.

வருசங்க போச்சு. அவளுக்குத் தலை நரைச்சிருச்சு. மிக்கேலு ஒருநாள் அரிசி கொண்டுபோனவர் அவ முன்னால உக்காந்துட்டாராம்.

"மதினி, போதும். வீட்டுக்கு வாங்க. அண்ணன் இனிமே வரமாட்டார்."

"தெரியும்."

"தெரிஞ்சா, பெறகு யாருக்காக இங்க தனியாக் கெடக்கீங்க?"

அவளுக்குக் குரல் கரகரன்னுதான் வந்துச்சாம். பேசிப் பழக்கம் விட்டுப்போச்சுல்ல. சொன்னாளாம்:

"உங்க அண்ணன் வந்தப்ப ஒரு கம்பு இருந்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு தம்பி."

மிக்கேலு அதுக்கப்பறம் கூப்பிடல. அரிசிய வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டார்.

ஒரு மாசி மாசம், விடிஞ்சு வெயில் ஏறுற நேரம். வள்ளங்க எல்லாம் மீனோட திரும்புது. பொழிக்கு நேரா வந்து பாத்தா, கம்பு இல்ல. அலை எதுவும் பெருசா இல்ல. அடிச்சுட்டுப் போயிருக்காது. அவதான் மாத்தி நடப் புடுங்கியிருக்கா, ஆனா திரும்ப நடல. முன்னால வந்த வள்ளம் நின்னுச்சு. பின்னால வந்ததும் நின்னுச்சு. எல்லாரும் தலைத்துண்ட அவுத்துக் கையில வச்சுக்கிட்டாங்களாம்.

முன்னால வந்த வள்ளத்துல இருந்த மிக்கேலுதான் கடல்ல குதிச்சார். அவருக்கும் வயசாயிருச்சு. அவ தடவுன மாதிரியே காலால தடவி, ஆழத்தக் கண்டுபிடிச்சு, கையில இருந்த துடுப்ப நட்டார். அதப் பாத்து ஒவ்வொரு வள்ளமா உள்ள வந்துச்சு. குடிசையில கித்தேரி பாயில ஒருக்களிச்சுக் கெடந்தா. பக்கத்துல புதுக் கம்பு, துணி கட்டி ரெடியா இருந்துச்சாம்.

சாமியார வரவழைச்சு, அந்தத் திட்டுலயே அடக்கம் பண்ணாங்க. சிலுவையும் வச்சாங்க. கொஞ்ச வருசத்துல கடல் அந்தத் திட்டையும் கரைச்சு வடக்க கொண்டுபோயிருச்சு. இப்ப நாம வலை காயப்போடுற இந்த மணலு, மேட்டுல இருந்து எறங்கி வந்து நம்ம வீடு கட்டியிருக்கிற இந்த மணலு எல்லாம் அப்பறம் வந்து சேந்ததுதான். அவள வச்ச மண்ணு இதுல எதுன்னு யாருக்கும் தெரியாது.

அதனாலதான் மழை விட்டு முதல் வள்ளம் எறங்குற அன்னிக்கு, மிக்கேல் வம்சத்து ஆம்பள ஒருத்தன் தண்ணியில எறங்கிக் காலால தடவிக் கம்பு நடணும். வெள்ளத் துணி அந்த வருசம் தாலி அறுத்த வீட்டுல இருந்து வரணும். இப்ப மிசினு பாத்துச் சொல்லுது, எங்க ஆழம்னு. ஆனாலும் நடுறோம். பொழி போன வருசம் அந்தப் பனைக்கு நேரா இருந்துச்சு, இந்த வருசம் இங்க இருக்கு. எங்க இருந்தாலும் அதுக்கு ஒரே பேருதான். கித்தேரி வாய்.