பொன்னுரங்கம் கடைப் பாக்கி

ஐயோ, ஊத்தாதே, பொன்னுரங்கண்ணே! மொந்தைய கீழ வையி. இன்னிக்கி நான் குடிக்க வர்ல. சிரிக்காதே, மெய்யாலுமேதான். எங்கம்மா இப்போ இங்க வரும். அதுக்குள்ள உன்னாண்ட ஒண்ணு சொல்லிடணும், அதான் இஸ்கோல்லேந்து ஓடியாந்தேன்.

தொரத்திட்டாங்களா? யாரு, என்னையா? நல்லா கேட்டே போ! அங்க மதுவிலக்கு சங்கத்துக்கு நான்தான் செகரெட்டரி. போன ஞாயித்துக்கெழம, குடியோட கெடுதலப் பத்தி பேசுப்பான்னு வெள்ளக்காரப் பாதிரி என்னைத்தான் மேடை ஏத்தினாரு. குடிச்சா கையி நடுங்கும்னேன், நடுங்கிச்சு. கண்ணு செவக்கும்னேன், அதுவும் செவந்துதான் கீது. எப்படி உருகிப் பேசறான் பாருன்னு பாதிரி கண்ணத் தொடச்சிகினாரு. தோல் அட்டை பைபிளு பரிசு வேற! அத்தத்தான் அன்னிக்கி சாயங்காலமே உன்னாண்ட அடகு வைக்கக் கொணாந்தேன். நீ கன்னத்துல போட்டுகினு, சாமி சமாச்சாரம், எடுத்துகினு போடான்னே. ஆனா கடன்ல ஊத்தினே. நல்ல மனுசன்ணே நீ. நான்தான் கலீஜு.

இரு, இரு, விசயத்துக்கு வரேன். முந்தாநேத்து உன் ஆளு எங்க வூட்டாண்ட வந்து, கள்ளுக்கட பாக்கி எப்போ வரும்னு தெருவே கேக்கக் கூவினான் இல்ல? அம்மா என் மூஞ்சியப் பாத்துச்சு. ஆறாம் பாரம் படிக்கிற மூளையாச்சே, சும்மா இருக்குமா? பாக்கி என்னுது இல்லம்மான்னு வேற ஒரு பேர சொல்லிட்டேன்.

அம்மா நம்பிடுச்சு. அந்தக் கடன் தீர்ற வரிக்கும் உன் கடை வாசல்ல ஒக்காந்து மீன் வறுத்துப் போடப் போவுதாம். அடுப்பு, சட்டி, எல்லாம் தூக்கிகினு கெளம்பிடுச்சு. கூடையில மீன் வித்து மானமா பொழச்ச பொம்பள, குடிகாரங்க நடுவுல ஒக்காரப் போவுது.

யாரு பேரா? எங்க நைனா பேருதான். ஆமாண்ணே, ரகுபதி. மாசி மாசம் கட்டுமரம் கவுந்து செத்தாரே, அவருதான். உன் கடைப் பக்கம் தல வெச்சுகூட படுக்காத மனுசன். செத்தவரு எழுந்து வந்து இல்லேன்னா சொல்லப் போறாருன்னு நெனச்சிட்டேன்.

தோ, முக்குல வந்துகினு கீது. அடுப்ப எறக்குறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடுண்ணே, குடிச்சது நான்தான்னு. ஊருக்கே பேசுவேன், அம்மாவாண்ட எனக்கு வாயி வர்ல. அவரு போனதுலேந்து தெனம் பொழுது சாஞ்சா அவருக்குன்னு ஒரு வெளக்கு ஏத்தும். நேத்து ஏத்தலண்ணே.