சலவைக்காரர் அதிகாரம்

எனக்கு ஒழுங்காகத் தேநீர் போடக்கூட வராது. அன்று மத்தியானம் அனோஜினி என் வீட்டுக்கு வந்தபோதும் அவளேதான் போட்டாள். எனக்கும் ஒரு கோப்பை தந்தாள்.

டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் பண்டைய எகிப்திய வரலாற்றுப் பேராசிரியர். அவள் என் ஆய்வு மாணவி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். பண்டைய எகிப்தின் எளிய மனிதர்களைப் பற்றி நான் எழுதிய புத்தகம் அச்சுக்குப் போகவிருந்தது. எழுதிய என்றால், அவள் எழுதினாள். நான் அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டேன். ரொட்டி சுட்டவர்கள், செங்கல் சுமந்தவர்கள், கூலித் தானியம் வராததால் அரசனின் கல்லறை வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்ட தொழிலாளர்கள். இவர்களுக்காக மேடைகளில் என் குரல் தழுதழுக்கும். அரசர்களின் பெயர் கல்லில் இருக்கிறது, இவர்களின் பெயர் எங்கே என்று கேட்பேன். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

"சேர், அட்டையில என்ர பேரும் வரவேணும்."

"பேந்து கதைப்பம், பிள்ளை."

"ஒரு அதிகாரமெண்டாலும் நீங்கள் எழுதினனீங்களோ? நாளைக்கு நான் டீனிட்டச் சொல்லப்போறன்."

கோபம் தணிய ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டு வரலாம் என்றேன். என் வீடு நகரத்தின் ஓரத்தில், இல்-பிசார் என்ற ஆற்றுத் தீவில். தோட்டத்துக்குப் பின்னால் உறைந்த ஆறு. மார்ச் கடைசி. ஐஸ் மெலிந்துவிட்டது, இறங்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"இறங்கலாமோ சேர்?" என்று கரையில் நின்று கேட்டாள்.

"ஓம், நான் ஒவ்வொரு நாளும் நடக்கிறனான்."

அவளை முன்னே போகவிட்டேன். நான் எப்போதும் பிறர் போட்ட பாதையில் நடப்பவன்.

ஐஸ் உடைந்தபோது பெரிய சத்தமில்லை. "சேர், கையைத் தாங்கோ," என்றாள். பக்கத்து வீட்டு வேலியில் கயிறு தொங்கியது. கயிறு எறிவதும் எனக்கு வராது என்று முடிவுசெய்தேன். முதலைக்குப் பயந்துகொண்டே நைல் நதியில் இறங்கித் துணி வெளுத்தவர்களைப் பற்றி அவள் எழுதிய அதிகாரம் அப்போது நினைவுக்கு வந்தது. அருமையான அதிகாரம். ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அதை யோசித்து முடித்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. உள்ளே போய், ஈரக் காலுறைகளை மாற்றிவிட்டு, போலீசைக் கூப்பிட்டேன்.

இறுதிச் சடங்குக்கு வந்த அவளுடைய தாய் என் கைகளைப் பிடித்து, "நீங்கள்தானே சேர் அவளுக்கு எல்லாம்," என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். அந்த உரையை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. முழுக்க நானே எழுதினேன். அதையாவது தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.