பத்திநாதன் படிப்புக்கு முப்பத்திரண்டு கண்ணி

கண்ணுகளா, எனக்கு இங்கிலீசில் 'குட்மோர்னிங்' மட்டும்தான் தெரியும். அதையும் சாயங்காலத்தில்தான் சொல்லுவேன். ஆனாலும் அயர்லாந்தில் ஒரு பெரிய படிப்புப் புத்தகத்தில் நாற்பது பக்கம் என்னுடையது.

பத்திநாதன் எங்கள் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து வாத்தியார் மகன். அயர்லாந்துக்காரர்களின் இலக்கியம் படிக்கக் கப்பலேறியவன். அறுபத்திரண்டில், பேட்டரியில் ஓடுகிற பாட்டுப் பிடிக்கும் பெட்டியோடு இரண்டு வாரம் தங்கிப் போக வந்தான். அந்த ஊர்க் கிழவிகளும் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடி அழுவார்களாம். அதையும் நம் ஒப்பாரியையும் ஒப்பிட்டு எழுதினால் அங்கேயே விரிவுரையாளர் வேலை. இல்லாவிட்டால் படித்தது அத்தனையும் வீண்.

கூலிக்காரர் வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கினான். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவு தேடி வரும். வெள்ளைக்காரன் படிப்புக்காக அது வராமல் இருக்குமா?

"சும்மா பாடுறதுக்கு நான் என்ன ரேடியோவா தம்பி? பொணத்தக் கொண்டாங்க, பாடுறேன்" என்று பக்கத்து லயத்துப் பேச்சியம்மா சிரித்தாள்.

ஆடி மழையில் வழக்கமாக இரண்டு மூன்று பேர் போவார்கள். அந்த வருஷம் ஒருவரும் போகவில்லை. மூக்கன் தாத்தா போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு, பன்னிரண்டாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டார். எனக்கே கோபம் வந்தது.

பத்திநாதன் என் வாசலில் வந்து உட்கார்ந்தான். "நாளன்னிக்குக் கப்பலுங்க பெரியம்மா. எல்லாம் போச்சு" என்றான். பிள்ளை பெறாத எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

உள்ளே என் புருஷன் கந்தப்பன் படுத்திருந்தார். இளைப்பு நோய். இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்று டாக்டரய்யா சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான், என்னைக் கண்டால் கையும் காலும் மட்டும் சும்மா இருக்காது.

"நாளைக்கு மத்தியானம் பெட்டியோட வாங்க தம்பி" என்றேன்.

மறுநாள் எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும், சீனி கூடப் போட்டு அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவசரப்படுத்தவில்லை, குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு தலைக்கு அடியிலிருந்த தலையணையை எடுத்து முகத்தின் மேல் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தேன். நான் கனத்த உடம்புக்காரி. ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. இளைப்புக்காரனுக்கு மூச்சு நின்றது ஏன் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

சனம் கூடியது. தலையை விரித்துப்போட்டுப் பாடினேன். தேக்குமரத் தோளழகர் என்றேன். தோளில் எலும்புதான் இருந்தது. பேச்சியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூடவே பாடினாள். பத்திநாதன் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியைச் சுற்றவிட்டான்.

வேலை கிடைத்தது, புத்தகமும் வந்தது. ஒரு பிள்ளையின் படிப்புக்காகச் செய்தேன் கண்ணுகளா. வேறு நினைப்பு எனக்கு இல்லை.

அன்று பெட்டியை மூடும்போது அவன் கேட்டான்: "முப்பத்திரண்டு கண்ணி, ஒரு எடத்துலகூடத் தடங்கல் இல்லைங்களே. எப்பங்க பெரியம்மா இந்தப் பாட்டக் கட்டினீங்க?"

"கல்யாணமாகி மூணாம் மாசம் தம்பி" என்றேன்.